பனியன் போட்ட வேன்

போன மாதம் எங்கள் டெலிவரி வேன் மங்கலம் ரோட்டில் ஒரு சின்ன மேட்டை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, பின்னால் வந்தவர்கள் முகத்திலெல்லாம் கரும்புகையை அப்பிவிட்டு நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் டை கட்டிய ஒரு தம்பி, போனில் படம் காட்டி, "டர்போ போயிருச்சுங்க மேடம். செட்டோட புதுசு மாத்திரலாம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பழசுல துண்டு பூரா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். என்னை இன்ஜினியர் என்று நினைத்தாரோ, கிறுக்கு என்று நினைத்தாரோ தெரியாது. ஒரு காபி வரவழைத்துக் கொடுத்தார்.

எனக்கு வண்டி வேலை ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஊசிதான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், தைக்கும்போது ஊசி உடைந்தால் அதோடு அன்றைய நிம்மதி போயிற்று. உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி, ஒட்டவைத்துப் பார்த்து முழு ஊசி வந்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துணுக்கு துணியில் தங்கிப்போய், ஏதோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தையைக் குத்திவிட்டால் என்ன ஆவது? அதனால் நாங்கள் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு மிஷினுக்கடியில் தவழ்வோம். பத்தொன்பது வயதில் நான் தவழ்ந்த தூரம், குழந்தையாக இருந்தபோதுகூடத் தவழ்ந்திருக்க மாட்டேன்.

அந்த ஊசிகளுக்கு அதிகாரி மரகதம் அக்கா. எங்கள் ஊர்தான், கம்பெனி எங்களுக்கு அனுப்பும் வேனில்தான் அவரும் வருவார். முதல் சீட்டில் ஜன்னலோரம் அவருக்கு. வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டிரைவர் சென்னியப்பண்ணன்கூட அவரைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவார். காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் நுழைந்து நுழைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, எட்டரை மணிக்குள் கம்பெனி கேட்டில் இறக்கிவிடுவது அண்ணன் வேலை. வேனுக்குள் எப்போதும் மல்லிகைப்பூவும் டீசலும் டிபன் பாக்ஸ் புளிக்குழம்பும் சேர்ந்து ஒரு வாசம். இன்றைக்கும் அந்த மூன்றும் எங்காவது ஒன்றாக வந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.

அந்த வேனுக்கு எல்லாம் நன்றாக இருந்தது, டர்போ ஒன்றைத் தவிர. அது வேறொன்றுமில்லை, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு குட்டி விசிறி. அது உடைந்தால் வண்டிக்கு இழுவை போய்விடும். ஒரே வருஷத்தில் இரண்டு முறை உடைந்தது. இரண்டு முறையும் நாங்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் வேறு வண்டி வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்கு அது ஒரு பிக்னிக். எனக்கு அப்படி இல்லை. என் வேலையே அந்த வேனில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா தேங்காய்க் களத்தில் வேலை பார்த்தார். அதிகம் பேசமாட்டார். வேன் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்த் திரும்ப இறக்கிவிடும் என்று கம்பெனி ஆள் வந்து சொன்ன பிறகுதான், அரைமனதாக என்னை வேலைக்கு அனுப்பினார். இரண்டாவது முறை வண்டி நின்றபோது, "இன்னொருக்கா வழில நின்னுதுன்னா நீ போகவேண்டாங் கண்ணு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். போகாவிட்டால் அடுத்து என்ன என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்து, பொருந்தியும் தொலைத்திருந்தது.

மூன்றாவது முறையாக டர்போ போனது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர் மாரியம்மன் கோவில் முன்னாலேயே. அப்பா வந்து வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திங்கக்கெழம காத்தால இது நல்லபடியா ஓடுனாப் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு காலை மெக்கானிக் அந்தோணி புது டர்போவை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாசரேத் பக்கத்துக்காரர், திருப்பூர் வந்து வெகுநாள் ஆகியும் பேச்சு மாறாதவர். லீவு நாள் என்பதால் ஊரே கோவில் முன்னால் கூடிவிட்டது. நான் பல்கூடச் சரியாகத் தேய்க்காமல் போய் நின்றேன். அப்பாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்.

பழைய டர்போவைக் கழற்றி வைத்துவிட்டு அந்தோணி பெட்டியை எடுக்கப் போனார். பெட்டி மரகதம் அக்கா மடியில் இருந்தது.

"பழசுல துண்டு பூரா வந்துருச்சுங்களா?" என்றார் அக்கா.

"யக்கா, இது ஊசியில்ல, டர்போ."

"எதா இருந்தா என்னுங்க? ஒடஞ்சது முழுசா வராம புதுசு குடுக்கமாட்டேன்."

அந்தோணி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. சென்னியப்பண்ணன் அவசரமாகப் பழைய விசிறியை ஒரு துணிமேல் வைத்து, உடைந்த இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். ஒரு துண்டு குறைந்தது. விரல்நகம் அளவுதான் இருக்கும்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் மரகதம் அக்காவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. என் தலைவிதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, இந்த அம்மாள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சட்டம் பேசுகிறாள் என்று பற்றிக்கொண்டு வந்தது. அப்பா வேறு மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் துண்டு எஞ்சினுக்குள்ள போனா எஞ்சினே போயிரும். அக்கா சொல்லுததும் சரிதான்" என்று அந்தோணி பெருமூச்சு விட்டுக் குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியெல்லாம் பார்த்தாயிற்று, இல்லை. நடுவில் இன்டர்கூலர் என்று ஒரு பெட்டி. அதைக் குலுக்கியும் ஒன்றும் விழவில்லை. மிச்சம் இருந்தது காற்று உள்ளே வரும் பக்கம், ஏர் பில்டர். அதன் மூடியில் கை வைத்ததும் சென்னியப்பண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"அது வேண்டாமுங்க. அந்தப் பக்கம் நானே பாத்துக்குவேன்."

"தள்ளும் அண்ணாச்சி" என்று அந்தோணி மூடியைத் திறந்தார். பில்டருக்குப் பின்னால் குழாயின் வாயில் விரலை விட்டு எதையோ இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. எண்ணெயில் ஊறிக் கறுத்த பனியன் துணி. பாதிதான் இருந்தது, மீதி நார்நாராகக் கிழிந்திருந்தது. அதன் மடிப்பில், பின்னோக்கித் தெறித்து வந்து செருகியிருந்தது அந்த நகத்துண்டு.

"யாருய்யா வண்டிக்குப் பனியன் போட்டது?" என்று அந்தோணி கத்தினார். "இதத்தான டர்போ தின்னு தின்னு செத்திருக்கு!"

சென்னியப்பண்ணன் தலை குனிந்து சொன்னார். கம்பெனிக்குப் பக்கத்து யூனிட்டில் எந்நேரமும் பஞ்சு பறக்கிறது, பில்டரைத் தாண்டி உள்ளே போனால் வண்டி வழியில் நின்றுவிடும், பொம்பளப் பிள்ளைகள் ரோட்டில் நிற்கவேண்டி வரும், அதனால் மாதாமாதம் நல்ல துணியாகப் பார்த்து இரண்டு மடிப்பாகக் கட்டிவந்தாராம். "நல்ல காம்பிங் துணிங்க, பிசிறே இருக்காதுங்க. அக்காதான் எடுத்துக் குடுப்பாங்க."

எல்லோரும் மரகதம் அக்காவைப் பார்த்தோம். துணி எதற்கு என்று அவர் கேட்டதே இல்லை போலும். பெட்டியை அந்தோணியிடம் நீட்டினார்.

யாரும் சிரிப்பதற்கு முன்னால் அப்பாதான் முதலில் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோவில் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சென்னியப்பண்ணனிடம் போய், "ஏனுங்க, வண்டிக்கே பனியன் போட்டுவுட்டுக் கூட்டிட்டுப் போறீங்க. இனி நான் எதுக்குங்க பயப்படோணும்?" என்றார். அண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல், "ஆமாங்க" என்றார்.

திங்கட்கிழமை வேன் ஓடியது. பிறகு அந்த டர்போ உடையவே இல்லை. ஜாதகமும் வெள்ளக்கோவிலுக்கே திரும்பிப் போயிற்று. நான் டெய்லராகி, சூப்பர்வைசராகி, எனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, இன்று எங்களுக்கென்று ஒரு சின்ன யூனிட் இருக்கிறது. கம்பெனி ஹாஸ்டல் கட்டியதும் கிராமத்து ரூட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டது. வேன் பழைய இரும்புக்குப் போனது. சென்னியப்பண்ணனும் போய்விட்டார். இப்போது அந்த ஊர்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் ஆளுக்கொரு ஸ்கூட்டியில் வருகிறார்கள், நல்லதுதான்.

ஆனால் எனக்கு ஒன்று அந்தத் திங்கட்கிழமையே போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், வேன் திரும்பும் நேரத்துக்கு அப்பா சைக்கிளோடு ரோட்டு முக்கில் வந்து நிற்பார். நான் இறங்கியதும் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடப்பார், நான் பின்னால் போவேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குக் கூச்சமாக இருக்கும், எரிச்சலாக இருக்கும். அன்று சாயங்காலம் இறங்கிப் பார்த்தேன், முக்கில் யாரும் இல்லை. வீட்டுக்குப் போனால் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வந்துட்டயா கண்ணு" என்று தட்டைப் பார்த்தபடியே கேட்டார். நான் ஆசைப்பட்டதெல்லாம் இப்படித் தனியாக நடந்து வருவதற்குத்தானே? போய்ப் புழக்கடையில் நின்றுகொண்டு அழுதேன்.