உந்தத் துவக்கு

கொடிகாமச் சந்தையில் என் தம்பியைப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த ஒருவன், நேரே தம்பியின் கழுத்தில் துவக்கை வைத்தான். கைக்குள் அடங்குகிற கட்டைத் துவக்கு. வாய் மட்டும் பெரிது. கழுத்தில் பாதி போய்விட்டது. பீற்றூட் மூட்டைகளின் மேல் விழுந்தவனை நான்தான் தூக்கினேன். தலை என் கையில் தனியாக ஆடியது. சுட்டவன் ஹெல்மெற் போட்டிருந்தான். நான் கண்டதெல்லாம் துவக்கின் நுனியில் கறுப்பு உரிந்து வெளுத்திருந்த இடம்தான்.

பிறகு ஒருவனைப் பிடித்தார்கள். பொலிஸ் நிலைய மேசையில் இரண்டு துவக்குகளை வைத்து, எது என்று கேட்டார்கள். ஒன்று அவன் வீட்டில் எடுத்தது, மற்றது வேறு வழக்கினுடையது. நான் மாறிச் சொன்னால் அவன் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை மாதிரி இருந்தன. ஒன்று என் பக்கம் கிடந்தது. மற்றது எனக்கு எதிரே இருந்த மலையகத்துப் பொலிஸ்காரரின் பக்கம். நுனி வெளுத்தது அவர் பக்கம் கிடந்ததுதான்.

"தொடாம சொல்லுங்கம்மா. இதா, அதா?"

"உது."

"எதுங்க?"

"உதுதான். தமிழ்தானே கதைக்கிறன்?"

"அதுவா? சரிங்க."

அவர் ஊரில் 'உது' கிடையாது. கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் அதை 'அது' என்று எடுத்துக்கொண்டு, தனக்குத் தூரத்தில், என் முன்னால் கிடந்த துவக்கில் வழக்கு எண் எழுதிய அட்டையைக் கட்டத் தொடங்கினார்.

"ஐயோ, இது இல்லை! உது!"

"மாத்தி மாத்தி சொல்லக்கூடாதும்மா. அப்புறம் கோர்ட்டுல நிக்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டி அவர் பக்கத்துத் துவக்கைப் பறித்து அவர் கழுத்தில் வைத்தேன். தம்பிக்கு வைத்த அதே இடம்.

"இது! இப்ப விளங்குதோ?"

சுற்றி நின்றவர்களின் கைகள் இடுப்புக்குப் போயின. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"விளங்குதும்மா. வச்சிருங்க."

யாரோ என் கையை முறுக்கித் துவக்கைப் பிடுங்கினார்கள். அட்டையை அவிழ்த்து அதில் கட்டினார்கள். உள்ளே ரவை இல்லை என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். அதற்கு முன்பே நான் விசையை இழுத்திருந்தேன்.