குடகில் ஒரு பள்ளிக்கூடம்

டீச்சர், என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். பிழைகளும் இருக்கும். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜனங்கள் ஏன் ஊரை விட்டுப் பிழைக்கப் போகிறார்கள் என்று பாடம் நடத்துகிறீர்களாம். அப்படிப் போய் வந்த பெற்றோர் யாராவது வகுப்பில் வந்து பேசச் சொன்னீர்களாம். அத்தனை பிள்ளைகள் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் எழுதித் தருகிறேன். நீங்களே படித்துக் காட்டிவிடுங்கள்.

புத்தகத்தில் மழை இல்லாதது, வேலை இல்லாதது என்று காரணங்கள் போட்டிருக்கிறார்கள். நான் போனது முட்டைக்காக.

அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் சாமை அறுப்பு முடிந்ததும் மேஸ்திரி வருவார், குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போக. அப்பா இரண்டு வருடம் தனியாகப் போய் வந்திருந்தார். அந்த வருடம் அம்மாவும் போவதாக முடிவானது. ஐந்தாவது முடித்தால் திருப்பத்தூரில் விடுதியில் சேர்த்து விடுகிறேன் என்று வாத்தியார் எனக்குச் சொல்லியிருந்தார். நான் வரமாட்டேன் என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தேன். மறுநாள் அப்பா என்னைப் பக்கத்து ஊரில் இருந்த மாமா வீட்டுக்குக் கூட்டிப் போனார். மாமா அம்மாவின் அண்ணன்.

“மச்சான், பங்குனி வரைக்கும் பையன் உங்க வூட்லயே இருக்கட்டும். படிப்பு கெடக்கூடாது பாருங்க” என்றார் அப்பா.

மாமா வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“இன்னா மாப்ள, ஒனக்கு விசயமே தெரியாதா? குடகுல தோட்டத்துக்குள்ளயே பள்ளிக்கூடம் கீது. தெனம் ஒரு அவிச்ச முட்ட.”

“நெசமாவா மாமா?”

“அஞ்சாவதுன்னு சொல்லு, ரெண்டா குடுப்பாங்க.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே போய் வந்தவர் அவர்தான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

லாரியில் முதலில் ஏறியது நான். புத்தகப் பையை யாரும் தொட விடவில்லை. தோட்டத்தில் முதல் நாள் காலை, பையோடு போய் மேஸ்திரியிடம் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பைய இடுப்புல கட்டிக்கடா. பழம் பறிச்சுப் போட தோதா இருக்கும்.”

மேல் கிளை அம்மாவுக்கு, கீழ்க் கிளை எனக்கு. புத்தகங்கள் கொட்டகையில் கரையான் அரித்துப் போயின.

பங்குனியில், புளி உலுக்கும் சமயத்தில் திரும்பி வந்தோம். பரீட்சைக்கு உட்கார வருகை போதவில்லை. நேராக மாமாவிடம் போனேன்.

“அங்க பள்ளிக்கூடமே இல்ல மாமா!”

“முட்டையாச்சும் கெடச்சுதா?” என்று கேட்டார். சிரிக்கத்தான் பார்த்தார்.

அதன் பிறகு இரண்டு வருடம் அவரோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. அடுத்த மார்கழியில் யாரும் கூப்பிடாமலே லாரியில் ஏறிவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மாமா வீட்டுக்குப் போன அன்று, பெரியவர்கள் பேசத் தொடங்குமுன் நானும் அவர் மகளும் ஒளிந்து விளையாடினோம். சாமை கொட்டி வைக்கும் குதிருக்குள் இறங்கினோம். அறுப்பு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அடியில்தான் கொஞ்சம் சாமை கிடந்தது, உள்ளே இரண்டு பேரும் தாராளமாக உட்கார முடிந்தது. ஒளிய இவ்வளவு நல்ல இடம் எங்கள் வீட்டில் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதியது, கார்த்திகை மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை.