எடை குறைத்தவருக்கு முதல் பரிசு

போன மாதம் எங்கள் தொழிற்சாலையில் எடை குறைப்புப் போட்டிக்குப் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு சேகர் அண்ணனுக்கு!

எங்கள் தொழிற்சாலை என்றால்... பிறை என்கிற ஊரில் இப்போது நான் பெட்டி கட்டும் இடம். இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும், எந்த வேலையிலும் நான் ஒரு வருடம் தாண்டியதில்லை. ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் ஃபெர்ரி. அது சலிக்கும்வரை இங்கே இருப்பேன்.

மூன்று மாதப் போட்டி. மேல்மாடி ஆபீஸ்காரர்கள் ஆர்வமாகச் சேர்ந்தார்கள். ஒருவர் ஜிம்முக்குப் பணம் கட்டினார். இன்னொருவர் ஓட்ஸிலேயே உயிர் வாழ்ந்தார். கீழ்த்தளத்திலிருந்தும் ஒருவர் வேண்டுமே என்று மெஷின் ஓட்டும் சேகர் அண்ணன் பெயரைச் சேர்த்தார்கள்.

அவருக்கு ஓவர்டைம் முடிந்தால் கடையில் ரொட்டி சானாய், இனிப்பான தே தாரிக் டீ. உடற்பயிற்சியா? கழிவறைக்கு நடப்பதுதான்.

அதற்கும் தடை. எங்கள் லைனுக்கு ஒரே ஒரு கழிவறை அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

"என்ன சேகர், டாய்லெட்லயே வீடு வாங்கிட்டியா?" என்றார் சூப்பர்வைசர்.

"தாகம் அடங்க மாட்டேங்குது சார்."

"அப்ப தண்ணி குடிக்காத லா!"

கடைசியில் வார்னிங் கொடுத்தார். அதே வாரம்தான் பரிசளிப்பு.

"இதுதான் டிசிப்ளின்!" என்று மேடையில் எச்.ஆர். மேடம் ஹேம்பர் கூடையை நீட்டினார். உள்ளே சாக்லேட், பிஸ்கட், ரோஸ் சிரப். நாங்களும் கைதட்டினோம். ஜிம்காரர் சேகர் அண்ணனைத் தனியே இழுத்தார்: "அண்ணே, ரகசியத்தச் சொல்லுங்க லா!"

"ஒண்ணும் இல்ல தம்பி... தானா இறங்குது."

அடுத்த திங்கட்கிழமை மெஷின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார்கள். லீவு போட்டால் அலவன்ஸ் போய்விடும் என்று கிளினிக் பக்கமே போகாதவர் அவர்.

"இவ்வளவு இளைச்சிருக்கீங்களே, யாரும் கவனிக்கலையா?" என்று கண் விழித்தவரிடம் கேட்டார் டாக்டர்.

"கவனிச்சாங்க டாக்டர். கை தட்டினாங்க."

ஒரே நோய்தான். மெஷின் பக்கம் அதற்கு வார்னிங் — மேடையில் பரிசு!

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறார். தாகம் அடங்கிவிட்டது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. இந்த வாரம் வேலைக்குத் திரும்பினார். கேட் அருகே எச்.ஆர். மேடம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சேகர்... மறுபடியும் உடம்பு போட்டுட்டீங்களே! டிசிப்ளின் எங்க போச்சு?"