நெல்லி மரம் தேடிய வனபோசனம்

போன ஞாயிறு என் மனைவி ட்ரக்டர் பெட்டியிலிருந்து குதித்துவிட்டாள்! பயப்படாதீர்கள்... மணலில்தான் குதித்தாள். குற்றவாளி யார் தெரியுமா? ஒரு பழைய சொல். வனபோசனம்.

இப்போது பட்டணத்தார் 'பிக்னிக்' என்கிறார்களே, அதுதான். வனம் என்றால் காடு, போசனம் என்றால் சாப்பாடு. கார்த்திகை மாதத்தில் ஊரோடு சோலைக்குப் போய், நெல்லி மரத்தடியில் சமைத்து, சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவது அந்தக் கால வழக்கம். பக்தியாகத் தொடங்கியது, போகப் போகப் பொழுதுபோக்காகிவிட்டது!

கார்த்திகையில் நம் வன்னியில் மழை கொட்டும். ஆகவே வெள்ளாமை வெட்டி முடிந்ததும் உடையார்கட்டிலிருந்து நான்கு குடும்பங்கள் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் புறப்பட்டோம். வனபோசனம் என்று பெயர் வைத்தவன் நான்.

மனைவி பருத்தித்துறைக்காரி. அலைச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி, காடு வெட்டி உருவான இந்தக் குடியேற்றக் கிராமத்துக்கு வந்தபின் மூன்று பிள்ளை பெற்றாயிற்று, ஒருதரம்கூடக் கடலைக் காணவில்லை. தாய்வீட்டுக்குப் போக வயல் விட்டால்தானே? வழி முழுக்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கடல் தெரிந்தது. ஆனால் நிழல்? எனக்குள்ளிருந்த பண்டிதர் விழித்துக்கொண்டார்.

"மச்சான், ட்ரக்டரைத் திருப்பு. ரெண்டு மைல் கட்டைக்கு அங்கால ஒரு நெல்லி நிண்டது. அதுக்குக் கீழ சமைச்சாத்தான் வனபோசனம்!"

ட்ரக்டர் ஓட்டிய மச்சான், பாவம், திருப்பத் தொடங்கினான்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?" மனைவி எழும்பிவிட்டாள். "வருஷம் முழுக்கக் காட்டுக்குள்ளதானே சாப்பிடுறம்! நான் கடல் பாக்க வந்தனான். நெல்லி வேணுமெண்டா நீங்க போங்கோ!"

குதித்தாள். பின்னாலேயே மற்றப் பெண்களும் பொத்துப் பொத்தென்று... பிள்ளைகளும்! பெட்டியில் மிஞ்சியது ஆண்களும் அரிசி மூட்டையும்தான்.

மாதா கோயில் பூசை முடிந்து அந்த வழியால் வந்த ஒரு மீனவ அம்மா எங்கள் முழியைப் பார்த்துச் சிரித்தார். "அங்க எங்கட மீன்வாடிக் கொட்டில் நிழல் கிடக்கு. அதில அடுப்பை மூட்டுங்கோவன்."

ஆண்களே சமைத்தோம். ஓம், வன்னி ஆண்கள்! கடற்கரையில் சாப்பிடுவதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அகப்பையும் கையுமாக நான் யோசித்துக்கொண்டிருக்க, நனைந்த சேலையோடு ஓடிவந்தாள் மனைவி.

"பேரைப் பிறகு வையுங்கோ. இப்ப வாங்கோ!"

அத்தனை பேர் பார்க்க என் கையைப் பிடித்து அலைக்குள் இழுத்துப் போனாள். எனக்கோ கூச்சம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். அங்கே சோறு கருகியது.

கருகட்டும்!