முதல் நாளில் இறந்தவர்கள்

டோப்ரிலா அக்கா எனக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அது அவரே செய்த ஏற்பாடு. ஒரே ஆய்வை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பிட வேண்டும். இருவரும் முடிக்கும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. பேசக் கூடாதென்றால் முகத்தையும் பார்க்கக் கூடாது என்பது அக்காவின் விதி.

"மூஞ்சியப் பாத்தாலே நீ ஒத்துப்போயிடுவ தம்பி. உனக்கு யாரு மனசும் நோகக் கூடாது," என்றார் நான் வேலைக்குச் சேர்ந்த வாரம்.

ஆகவே நீஷ் நகரத்துப் பொது சுகாதார நிறுவனத்தில், ரேடியேட்டர் ஒரு பாதி மட்டும் சூடாகிற அறையில், முதுகோடு முதுகாக வேலை பார்த்தோம். நாற்காலியின் கிறீச்சும் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தமும்தான் எனக்கு அவர். சத்தத்தை வைத்தே அவர் படிப்பது நல்ல ஆய்வா, ஓட்டை ஆய்வா என்று சொல்லிவிடுவேன். ஓட்டை என்றால் வேகமாகக் கொறிப்பார்.

அந்த டிசம்பரில் சத்தம் அடியோடு நின்றுபோனது.

உலக நாடுகளுக்கு மருத்துவ வழிகாட்டுதல் எழுதும் குழு ஒன்று எங்களிடம் ஆறு ஆய்வுகளைக் கொடுத்திருந்தது. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு சிரப் கொடுத்தால் சாவு குறையுமா என்பது கேள்வி. ஐந்து ஆய்வுகள் கையை விரித்தன. அதில் இரண்டு, குழந்தைகளின் வயிறு வீங்கியதாகவும் கூறின. ஆறாவது மட்டும் சாவு பாதியாகக் குறைந்தது என்றது. அதுதான் இருப்பதில் பெரிய ஆய்வு. அதைச் சேர்த்தால் தராசு சிரப்பின் பக்கம் சாயும். எங்கெங்கோ இருக்கும் பிரசவ வார்டுகளில், ஆக்ஸிஜனுக்கு ஒதுக்கிய பணத்தில் சிரப் வாங்குவார்கள். அதை விட்டால் பரிந்துரையே கிடையாது.

ஆறாவது ஆய்வு எங்கள் ஊரிலேயே நடந்தது. நடத்தியவர் குழந்தை மருத்துவர் தீஹொமிர். அவர் டோப்ரிலா அக்காவின் கூம்.

அக்காவுக்கும் கணவர் ராதோஷுக்கும் கல்யாணத்தில், தேவாலயத்தில் கிரீடம் வைத்தபோது பின்னால் நின்றவர் தீஹொமிர். மகள் நெவெனாவை ஞானஸ்நானத் தண்ணீரிலிருந்து கையில் வாங்கியவர் அவர். அவள் முதல் முடியைக் கத்தரித்தவரும் அவர். அண்ணன் தம்பியோடு வேலித் தகராறு செய்யலாம், கூமோடு செய்ய முடியாது. மேலே கடவுள், கீழே கூம் என்பார்கள்; பெண்ணென்றால் கூமா. அது வழிவழியாக இறங்குவதும்கூட. ஈஸ்டர் கழித்து நெவெனாவுக்குக் கல்யாணம்; தீஹொமிரின் மகன் ஒக்ன்யென்தான் அவளுக்குக் கூமாக நிற்க வேண்டும். கூம் வராமல் பாதிரியார் புத்தகத்தையே திறக்கமாட்டார்.

அக்டோபரில் நடந்த முதல் கூட்டத்தில் குழுத் தலைவி ஃபினோலா, அயர்லாந்துக்காரர், திரையிலிருந்து ஒவ்வொருவரையும் கேட்டார்: "இந்த ஆய்வாளர்களில் யாராவது உங்கள் உறவினரா? கணவர், உடன்பிறந்தோர், சம்பந்தி வழி?"

"யாருமில்லை," என்றார் அக்கா, சட்டென்று. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் கூமை உறவினர் பட்டியலில் தேடமாட்டார்கள். அப்பா பெயரை நண்பர்கள் பட்டியலில் தேடாததுபோல.

இருவரும் படித்து முடித்து நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டோம். ஆறாவது ஆய்வுக்கு எதிரே நான் 'தெளிவில்லை' என்று எழுதியிருந்தேன். அக்கா எதுவுமே எழுதவில்லை.

"சீட்டுக் குலுக்கிப் பிரிச்சப்ப சிரப் குடுக்கற பக்கம், குடுக்காத பக்கம் ரெண்டுலயும் சமமாத்தான் குழந்தைங்க இருந்திருக்கு," என்றார். "கடைசிக் கணக்குல சிரப் பக்கம் மட்டும் தலை குறையுது. அதுங்க எங்க போச்சுங்க?"

"அடிக்குறிப்புல 'போதிய அளவு மருந்து பெறாதவர்கள் நீக்கம்'னு இருக்கே."

"ஏன் பெறல?"

பதில் இருவருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் வேளை மருந்து குடிக்க உயிரோடு இருக்க வேண்டும்.

ஊகத்தை வைத்து ஓர் ஆய்வைத் தள்ளக் கூடாது. நடத்தியவரைக் கேட்க வேண்டும். குழுவின் சார்பில் தீஹொமிருக்கு எழுதினார் அக்கா. முதல் நாளில் இரு பக்கமும் எத்தனை குழந்தைகள் இறந்தன, அவர்களை எண்ணினீர்களா என்று கேட்டிருந்தார். பதில் இல்லை. மறுபடியும் எழுதினார். அதற்கும் இல்லை. வியாழக்கிழமை இறுதிக் கூட்டம். அதற்கு முந்தின நாள் புனித நிகோலா திருநாள்; ராதோஷ் குடும்பத்தைக் காக்கும் புனிதர் அவர். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் வருவார்கள். கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நானும் போனேன்.

நோன்புக் காலம் என்பதால் மேசையில் கெண்டை மீனும் அடுப்பில் சுட்ட மொச்சையும். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் வந்தாகிவிட்டது, தீஹொமிர் வரவில்லை. புனிதர் நாள் ரொட்டியை ராதோஷோடு சேர்ந்து பிடித்து, சுற்றிப் பிய்க்க வேண்டியவர் அவர். ராதோஷ் பஸ் டிப்போ மெக்கானிக், சத்தமான மனிதர். அன்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி கேட்ட நீ அவரை?" என்றார், என் காதில் விழாது என்று நினைத்து.

"ஒரு கணக்கு கேட்டேன்."

"கூமுகிட்டயா கணக்கு கேப்ப?"

அப்போது கதவு திறந்தது. தீஹொமிர் பனியை உதறிக்கொண்டு வந்தார், கையில் ராக்கியா என்ற பழச் சாராயப் பாட்டில், முகம் நிறையச் சிரிப்பு. கன்னத்தில் மூன்று முறை முத்தம், ரொட்டி, ஒயின், எல்லாம் முறைப்படி நடந்தது. உட்கார்ந்ததும் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"குடிப்பா தம்பி. பயப்படாதே, இதையெல்லாம் ஆய்வு பண்ணியாச்சு. எங்க தாத்தா தினம் குடிச்சாரு, தொண்ணூறு வரைக்கும் இருந்தாரு."

"குடிக்காத தாத்தாங்க எத்தனை வருஷம் இருந்தாங்க?" என்றார் அக்கா, மீன் தட்டை வைத்தபடி.

மேசையே சிரித்தது. தீஹொமிரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. "பாத்தீங்களா? சாமி நாள் அன்னிக்கும் கூமா எனக்குப் பரீட்சை வைக்கிறா."

தட்டுகளை எடுத்துக்கொண்டு அக்கா சமையலறைக்குப் போனார். தீஹொமிர் பின்னாலேயே போனார். மிச்சத் தட்டுகளோடு போன நான் கதவருகே நின்றுவிட்டேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"ரெண்டு தடவை எழுதினேன் கூமே. பதிலே இல்ல."

"எனக்கா எழுதின? ஏதோ போலீஸ் ஸ்டேஷன்லருந்து வந்த மாதிரி இருந்துச்சு."

"முதல் நாள் செத்த குழந்தைங்களை எண்ணினீங்களா, இல்லையா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு சொட்டு உள்ள போறதுக்குள்ள செத்துப்போன குழந்தை. அதை எப்படி மருந்து மேல எழுதறது? நீயே சொல்லு. நியாயமா?"

"நியாயந்தான். மறு பக்கம் முதல் நாளே செத்ததுங்க?"

தீஹொமிர் சொட்டுகிற குழாயை இறுக்கி மூடினார்.

"அதுங்களை எண்ணினீங்க," என்றார் அக்கா.

"அங்க நீக்கறதுக்குக் காரணம் இல்லையே! அங்கதான் மருந்தே கிடையாதே!" உரத்துச் சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். தான் சொன்னதை அப்போதுதான் தன் காதால் கேட்டவர்போல இருந்தது. பிறகு வேறு குரலில், "இருவது வருஷமா அந்த வார்டுல நிக்கிறேன் டோப்ரிலா. இந்த மருந்து வேலை செய்யுது. கண்ணால பாத்திருக்கேன்."

"அதை எழுதி அனுப்புங்க. அந்த ரெண்டு எண்ணிக்கையும் அனுப்புங்க. நாளைக்குக் காலைக்குள்ள."

"அனுப்பலைன்னா? இங்க கேட்டதைப் போய் அங்க சொல்லுவியா?"

"இது என் சமையலறை. நீங்க என் கூம். இங்க கேட்டது இந்தச் சுவரைத் தாண்டாது."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. மீன் ஆறிடும், போய்ச் சாப்பிடுங்க."

அவர் கதவுப் பக்கம் திரும்பியபோது என்னைப் பார்த்தார். "நெவெனா கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாசந்தான் இருக்கு கூமா," என்றார், என்னைப் பார்த்தபடியே அக்காவிடம்.

வியாழக்கிழமை அக்கா அஞ்சல் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கூட்டம் தொடங்கியது. பதில் வரவில்லை. ஆறாவது ஆய்வின் முறை வந்ததும் அக்கா கையைத் தூக்கினார்.

"அக்டோபர்ல நான் தப்பாச் சொல்லிட்டேன். இதை நடத்தினவர் எனக்கு வேண்டியவர்."

"உறவினரா?" என்றார் ஃபினோலா.

"இல்ல. அதுக்கும் மேல." கிரீடம், ஞானஸ்நானம், எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல, திரையிலிருந்த முகங்கள் பொறுமையாக விழித்தன. பெரு நாட்டு மருத்துவர் ஒருவர் மட்டும் தலையாட்டினார். அவர்கள் பக்கமும் இப்படி ஒன்று உண்டாம்.

"அப்படியானால் இந்த ஆய்வில் உங்கள் மதிப்பீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் வெளியேற வேண்டும்," என்றார் ஃபினோலா. "மற்றவர் மதிப்பீடு போதும்."

மற்றவர் மதிப்பீடு என்னுடையது. தெளிவில்லை என்றால் ஆய்வு கணக்கில் சேரும். சேர்ந்தால் சிரப் உலகமெல்லாம் போகும். அதை மாற்ற வேண்டுமென்றால் அந்தச் சமையலறையில் கேட்டதைச் சொல்ல வேண்டும். அக்கா எழுந்தார். எழுந்தவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"போறேன். எனக்குத் தெரிஞ்சது எதையும் நான் இங்க சொல்லப்போறதில்ல. ஒரே ஒரு விஷயம், அது உங்களுக்கும் வந்திருக்கு. முதல் நாள் செத்த குழந்தைங்க எத்தனைன்னு குழு பேர்ல ரெண்டு தடவை கேட்டிருக்கு. பதில் வரல. பதில் இல்லாத ஆய்வைச் சேக்கலாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். தாழ்வாரக் கண்ணாடி வழியாக அவர் முதுகு தெரிந்தது. இவ்வளவு காலம் சத்தமாக மட்டும் இருந்த முதுகு. ஃபினோலா அந்த இரண்டு கடிதங்களையும் திறந்து படித்தார். பிறகு வாக்கெடுத்தார்கள். பதில் வரும்வரை ஆறாவது ஆய்வு ஒதுக்கிவைக்கப்பட்டது. சிரப்புக்குப் பரிந்துரை இல்லை.

வெளியே போய்ச் சொன்னேன். அக்கா தலையசைத்தார். "இனிமே ராதோஷ்கிட்ட சொல்லணும்," என்றார்.

குளிர்காலம் முழுக்க அந்த இரு வீடுகளுக்கும் நடுவே பேச்சு இல்லை. ராதோஷ் இரண்டு முறை பாட்டிலோடு போய், கதவு திறக்காமல் திரும்பி வந்தார். நெவெனா தாயோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அக்கா புதிதாக வந்த காசநோய் ஆய்வுகளைப் படித்தார், விதை கொறிக்காமல்.

கல்யாணத்தன்று தேவாலய வாசலில் எல்லோரும் காத்திருந்தோம். இசைக்காரர்கள் ஊதி ஊதி ஓய்ந்தார்கள். பாதிரியார் இரண்டு முறை வெளியே வந்து தாடியைத் தடவிவிட்டு உள்ளே போனார். நெவெனா வெள்ளை உடையில் காரைவிட்டு இறங்கவே இல்லை.

"கூம் எங்க? கூம் எங்க?" என்று கிழவிகள் கேட்கத் தொடங்கியபோது ஒரு சாம்பல் நிறக் கார் தெருமுனையில் நின்றது. ஒக்ன்யென் இறங்கி ஓடிவந்தான், கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டே. ஓட்டி வந்த தீஹொமிர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தினர் சட்டையில் ரோஸ்மேரிக் கிளை குத்துகிற பெண்ணின் தட்டிலிருந்து அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தக் காரை நோக்கி நடந்தார். கண்ணாடி இறங்கவில்லை. கிளையை முன்கண்ணாடித் துடைப்பானின் அடியில் செருகிவிட்டுத் திரும்பி வந்தார். கார் போய்விட்டது, கிளையோடு.

மே மாதத்தில் ஒரு காலை, எனக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

"தம்பி, திரும்பு."

திரும்பினேன். அவர் திரையில் தீஹொமிரின் அஞ்சல் வந்திருந்தது. தலைப்பில் ஆய்வின் பெயர் மட்டும். அக்கா அதைத் திறக்கவில்லை. எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஜன்னலோரமாகப் போய் நின்றார்.

"நீ படி. நான் படிக்கக் கூடாது," என்றார். "அவர் என் கூம்."