தம்பி முடிக்க மறுத்த வழக்கு

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. தம்பியும் அவனுடைய கூட்டாளியும் கொழும்பில் ஒரே ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்தார்கள், ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே பைக்கில் புறப்பட்டார்கள். தம்பி ஓட்டினான். ஹட்டனுக்கு வரும் வழியில், மழையில், ஒரு வளைவில் எதிரே வந்த லொறி பாதையை விட்டு விலகி அடித்தது. தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தது. கூட்டாளி அந்த இடத்திலேயே போய்விட்டான்.

பிழை லொறிக்காரன் மேல் என்று பொலிஸார் எழுதிக்கொண்டார்கள். தம்பியை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தவன் பேச்சை நிறுத்திவிட்டான்.

கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறாள். நான் முன்பள்ளி ஆசிரியை, மத்தியானத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவேன். வரும்போதெல்லாம் அவன் அதே மூலையில், கைக்கட்டோடு, மடியில் லெப்டொப்பை வைத்து ஒரு துப்பறியும் விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பான்.

அது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. ஏதோ ஒரு துறைமுக நகரம், எப்போதும் பனிமூட்டம், தெருவில் குதிரை வண்டி, எண்ணெய் விளக்கு. பெரிய வியாபாரி ஒருவர் தன் வீட்டு மாடியில் செத்துக் கிடக்கிறார். நீளக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு இன்ஸ்பெக்டராக நாம் அந்த வீட்டுக்குள் போக வேண்டும். அலுமாரியைத் திறக்கலாம், சாம்பலைக் கிளறலாம், ஆட்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கலாம். வியாபாரியின் பங்காளி, குடும்ப வைத்தியர், வேலைக்காரப் பெண், மூன்று பேர் மேலும் சந்தேகம். எல்லாம் விசாரித்து முடிந்த பிறகு ஒருவரைக் காட்டி இவர்தான் என்று சொல்ல வேண்டும்.

முதலில் எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். கொழுந்து மலையிலிருந்து நனைந்து வரும் அம்மாகூட, தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே எட்டிப் பார்ப்பாள்.

"அந்தத் தொப்பிக்காரன் இன்னும் கண்டுபிடிக்கலையா?"

அவன் அடுத்த அலுமாரியைத் திறப்பான்.

வாரக்கணக்கில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவன் எல்லாத் தடயத்தையும் சேர்த்துவிடுவான். ஒவ்வொருவர் சொன்ன பொய்யையும் பிடித்துவிடுவான். கடைசியில் நீதிமன்றக் கதவு வரும், அதற்குள் போய் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான். திரும்பவும் அதே மாடி, அதே பிணம்.

சோறு பாதித் தட்டில் மிஞ்சியது. பிறகு தட்டைத் தொடுவதே இல்லை. அம்மா கோயிலில் நேர்ந்துகொண்டாள், கையில் கயிறு கட்டினாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை அவன் வாய்க்குள் வைத்துக்கொண்டு, நாங்கள் திரும்பியதும் துப்பினான். ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, அம்மா காய்கறிப் பாத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இது இங்க வேணாம். அவங்க வீட்லயே இருக்கட்டும்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போதும் என் காது ஃபோன் மணிக்காகவே காத்திருந்தது. வீட்டுப் படிகளை ஓடித்தான் ஏறுவேன். கதவைத் தள்ளி அவன் தலையைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

அந்த மத்தியானம் நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. காலையில் வைத்த ரொட்டி அப்படியே இருந்தது. திரையில் நீதிமன்றக் கதவு. அவன் விரல் மறுபடி முதலுக்குப் போகப் போனது. எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. லெப்டொப்பைப் பிடுங்கினேன்.

"யாரையாச்சும் சொல்லித் தொலைடா! எவனா இருந்தா என்ன?"

சொல்லிக்கொண்டே திரையில் அந்தக் கதவைத் திறந்து, கைக்கு வந்த முகத்தை அழுத்தினேன். அது அந்த வேலைக்காரப் பெண்ணின் முகம். திரையில் நீதிபதி வந்தார். அவள் அழுதாள், நான் செய்யவில்லை என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. அடுத்து ஒரு முற்றம், மரச்சட்டம், தொங்கும் கயிறு.

"அவ இல்லக்கா!" என்று தம்பி கத்தினான். "அவ ஒண்ணும் செய்யல! ஏன்க்கா அவளச் சொன்னீங்க?"

எவ்வளவு நாளைக்குப் பிறகு கேட்ட குரல். கரகரத்துப் போயிருந்தது. நான் லெப்டொப்பை மூடிவிட்டு அவன் முகத்தைப் பிடித்தேன்.

"அப்ப யாருடா? சொல்லு. யாரு?"

"நாந்தான்" என்றான்.

பிறகு விம்மி விம்மிச் சொன்னான். மலை ஏறத் தொடங்கியதுமே மழை பிடித்துவிட்டது. பின்னால் இருந்தவன் தோளைத் தட்டினான். "நிப்பாட்டுடா, கை விறைக்குது. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்றான். சாலையோரத்தில் தேநீர்க் கடை திறந்திருந்தது. தம்பிதான் நிறுத்தவில்லை. "இன்னும் கொஞ்ச தூரந்தானே, வீட்ல போயி குடிப்போம்" என்று சொல்லி ஓட்டினான். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த வளைவு.

"நிப்பாட்டியிருந்தா அந்த லொறி எங்கள விட்டுட்டுப் போயிருக்கும்க்கா. யாரும் என்னக் கேக்கவே இல்ல. பொலிஸும் கேக்கல, நீங்களும் கேக்கல."

உன் பிழை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அதனால் வேறொன்று கேட்டேன்.

"உன் கூட்டாளியோட அம்மாகிட்ட சொல்வமா?"

எங்கள் அம்மாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. "பெத்த வயிறு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. அங்க போயி நின்னா அடிச்சே போட்டுருவாங்க" என்றாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து கூட்டாளியின் ஊரான நோர்வூட்டுக்கு பஸ் ஏறினோம். வழி முழுக்க அவன் என் கையை விடவில்லை.

கூட்டாளியின் அப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அவனுடைய அம்மா மட்டும் வாசலில் நின்றார். மாலை போட்ட படம் உள்ளே தெரிந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். "நீ வருவ வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியா அவன்கூட இருந்தது நீதானடா. நான் யார்கிட்ட போயி கேப்பேன்? அவன் என்ன பேசினான், என்ன சொன்னான்?"

தம்பி சொன்னான். தேத்தண்ணி கேட்டதையும் சொன்னான், தான் நிறுத்தாததையும் சொன்னான். அந்த அம்மா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினார். ஆறாத தோளில் அடித்தார்.

"ஒரு தேத்தண்ணிக்கு நிப்பாட்டியிருக்கக் கூடாதாடா பாவி! எம்புள்ள குளிருல கேட்டிருக்கானே!"

நான் குறுக்கே போகவில்லை. போயிருக்க வேண்டுமோ என்று இன்றும் தெரியவில்லை. அவன் அசையாமல் நின்றான். அடித்து ஓய்ந்த பிறகு அந்த அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் அழுதார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"அது எந்தக் கடை?"

"பேரு தெரியாதும்மா. இடம் தெரியும்."

"என்னக் கூட்டிக்கிட்டுப் போயி காட்டு."

அடுத்த வாரம் மூன்று பேரும் போனோம். பெஞ்சு போட்ட சின்னக் கடை. சிங்களக் கடைக்காரர் ஒன்றும் தெரியாமல் மூன்று தேத்தண்ணி வைத்தார். அந்த அம்மா கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்த்தபடி இருந்தார். குடிக்கவில்லை. தம்பியும் குடிக்கவில்லை. எழும்பும்போது, "வீட்டுக்கு வந்து போ" என்று மட்டும் அவனைப் பார்த்துச் சொன்னார்.

அவன் குணமாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். மாத்திரையை விழுங்குகிறான், நுவரெலியா கிளினிக்குக்கு என்னோடு வருகிறான். இப்போது தலவாக்கலையில் ஒரு ஃபோன் கடையில் இருக்கிறான், பஸ்ஸில்தான் போய் வருகிறான். சில நாள் வேலைக்குப் போகாமல் சுருண்டு படுத்துவிடுவான். அந்த நாட்களில் அம்மாவும் மலைக்குப் போகமாட்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நோர்வூட்டுக்குப் போகிறான். அந்த அம்மா சோறு போடுகிறார், மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கொழும்பில் என்ன சாப்பிட்டான், யாரோடு சண்டை போட்டான் என்று. அவனைக் கண்டதும் அந்த அப்பா மட்டும் இன்னும் எழுந்து வெளியே போய்விடுகிறாராம்.