ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா: கலாவின் லைஃப் ஜாக்கெட் ஏன் உப்பவில்லை

காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட் வாங்கினால் ஆட்டோமேட்டிக் நல்லதா, மேனுவல் நல்லதா என்று இந்த வலைப்பூவில் சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டையும் வாங்கி, தண்ணீரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று பெரிய ஆள் மாதிரி சொல்லியிருந்தேன். ஆயுத பூஜை முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போனோம். வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுத உட்காரவே மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். இந்த ஜாக்கெட் தோளில் பட்டையாக மடிந்து கிடக்கும். உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு காஸ் சிலிண்டர் இருக்கும். மேனுவலில் கயிற்றை இழுத்தால் ஓர் ஊசி சிலிண்டரைக் குத்தி, காஸ் நிரம்பி ஜாக்கெட் உப்பும். ஆட்டோமேட்டிக்கில் அந்த ஊசியை ஒரு சிறு மாத்திரை பிடித்து வைத்திருக்கும். தண்ணீரில் விழுந்தால் மாத்திரை கரைந்து ஊசி தானாகவே குத்தும். ஒரு சிலிண்டர் ஒரே ஒரு தடவைக்குத்தான். பிறகு புதிதாக மாட்ட வேண்டும்.

எனக்கு நீந்தத் தெரியும், அதனால் மேனுவல், 6,400 ரூபாய். என் மனைவி கலாவுக்குத் தெரியாது, அதனால் ஆட்டோமேட்டிக், 9,800 ரூபாய். இரண்டு வருடம் நச்சரித்த பிறகு, முதல் தடவையாகப் படகில் வர ஒப்புக்கொண்டிருந்தாள். பார்சல் வந்த அன்று, "இது எப்படிங்க தானா உப்பும்?" என்று கேட்டாள். "உனக்கெதுக்கு அதெல்லாம்? நீ அதுல கை வெக்காத, அது போதும்" என்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நாங்கள் குடியிருக்கும் நீலசந்திராவிலிருந்து காலை 5.10க்குக் கிளம்பினோம். பிடதியில் சர்வீஸ் ரோட்டில் இறங்கித் தட்டு இட்லி, இரண்டு பேருக்குக் காபியோடு 170 ரூபாய். (தேங்காய்ச் சட்னி கேட்காமலே மறுபடி ஊற்றுகிறார்கள், புண்ணியவான்கள்.) மைசூரைத் தாண்டி ஓர் அணையின் பின்நீர்ப் பக்கம், மொத்தம் 212 கிலோமீட்டர், 10.20க்குச் சேர்ந்தோம். இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தப்பு எங்கள் மேல் இருக்கும்போது, கமெண்டில் அந்த இடத்தைத் திட்டுவீர்கள்.

கரையில் படகு வாடகைக்கு விடுபவர் சித்தண்ணா. இரண்டு பேர் உட்காரும் துடுப்புப் படகு, மணிக்கு 400 ரூபாய். ஆரஞ்சு நிறத்தில் தடியான ஃபோம் ஜாக்கெட் இரண்டை நீட்டி, "ஹாக்கொளி சார்" என்றார், போட்டுக்கொள்ளுங்கள் என்று. வெயிலில் வெளுத்து, பட்டையெல்லாம் அழுக்கு. நான் சிரித்துவிட்டு, "பேடா அண்ணா, நம்தே இதே" என்று, வேண்டாம், எங்களிடமே இருக்கிறது என எங்களுடையதைக் காட்டினேன். "ஆட்டோமேட்டிக்" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஜாக்கெட்டுகளைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

நான் ஹெப்பகோடியில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். நூறு போல்ட்டில் ஒன்று கோணலாக இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். ஜாக்கெட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை உண்டு. பச்சை தெரிந்தால் தயார், சிவப்பு தெரிந்தால் போடாதே என்று அர்த்தம். வாங்கிய அன்று இரண்டிலும் பச்சை பார்த்தேன். படகில் ஏறிய அன்று காலை என்னுடையதை மட்டும் பார்த்தேன். கலா சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டு துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "எல்லாம் சரியா இருக்கா?" என்றேன். "ம்" என்றாள்.

அரை மணி நேரம் நன்றாகவே போனது. தண்ணீரில் பாதி முழுகி நிற்கும் பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. கலா தண்ணீரில் கையை விட்டு அளைந்தாள். "இத்தன நாளா வராம இருந்துட்டேனே" என்றாள். 11.40 இருக்கும், திடீரென்று காற்று கிளம்பியது. கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தூரத்தில் இருந்தோம். அவளைப் படம் எடுக்க நான் பக்கவாட்டில் திரும்பினேன், அதே நேரம் அவள் துடுப்பைப் பிடிக்க அதே பக்கம் சாய்ந்தாள். படகு கவிழ்ந்துவிட்டது.

மேலே வந்து முதலில் கலாவைத் தேடினேன். இரண்டு கை தூரத்தில் இருந்தாள். ஐந்து வினாடிக்குள் உப்ப வேண்டும். நான் எண்ணினேன், சத்தியமாக எண்ணினேன். ஐந்து ஆயிற்று, எட்டு ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. அவள் தலை உள்ளே போனது. என் கயிற்றைத் தேடினால் கைக்கு அகப்படவில்லை. வீட்டில் பத்துத் தடவை இழுப்பதுபோல் பழகியவன், வலப்பக்கம் இருக்கும் கயிற்றை இடப்பக்கம் துழாவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முயற்சியில் இழுத்தேன், என்னுடையது உப்பியது.

அவள் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கினேன். ஆட்டோமேட்டிக்கிலும் அவசரத்துக்கு ஒரு கயிறு உண்டு. இழுத்தேன். "டிக்" என்று சத்தம் வந்தது, காஸ் வரவில்லை. வாயால் ஊதுவதற்கு ஒரு குழாய் இருக்கும். அதைப் பல்லால் இழுத்து வெளியே எடுத்து ஊதினேன். அவள் என் கழுத்தை இறுக்கிக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தாள். ஊதினேன், மூச்சு வாங்கினேன், மறுபடி ஊதினேன். ஜாக்கெட் பாதி உப்பியபோது மோட்டார் படகின் சத்தம் கேட்டது. சித்தண்ணா ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டதாகச் சொன்னார். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடம் கிடையாது.

கரைக்கு வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "ஓட்ட ஜாக்கெட்ட வித்திருக்கான். அவன சும்மா விடமாட்டேன்" என்று கத்தினேன். சித்தண்ணா கலாவுக்குக் கம்பளியைப் போர்த்தி டீ கொடுத்தார். நான் அவளுடைய ஜாக்கெட்டைப் பிரித்து சிலிண்டரைக் கழற்றினேன். முனையில் ஓட்டை இருந்தது. ஓட்டையைச் சுற்றிப் பழைய துரு. இன்று குத்தியது இல்லை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அவன திட்டாதீங்க" என்றாள் கலா. "அது அன்னிக்கே ஒரு தடவ உப்பிடிச்சு."

"என்னிக்கு?"

"ஆயுத பூஜ அன்னிக்கு. வண்டி, மிக்ஸி, உங்க டூல் பாக்ஸ் எல்லாத்தையும் தொடச்சேன் இல்ல, இதையும் ஈரத் துணியால நல்லா தொடச்சேன். சந்தனம் வெக்கறதுக்குள்ள புஸ்ஸுன்னு உப்பிடிச்சு. திவ்யாதான் ஃபோன்ல பாத்து காத்த எறக்கி மடிச்சு வெச்சா. மறுபடி தண்ணி பட்டா மறுபடி உப்பும்னு நெனச்சோம்."

திவ்யா எங்கள் மகள், கல்லூரியில் படிக்கிறாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கத்துவீங்க" என்றாள்.

தொழிற்சாலையில் புதிதாகச் சேருபவர்களிடம் நான் முதல் நாள் சொல்வது இதுதான்: தப்பு யாருக்கும் வரும், வந்தால் உடனே சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். அங்கே நான் திட்டுவதும் இல்லை. என் வீட்டில் மட்டும் இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு காற்றை இறக்கியிருக்கிறார்கள். திரும்பி வரும் 212 கிலோமீட்டரும் நான் வாயே திறக்கவில்லை. கோபத்தால் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நீந்தத் தெரியாதவருக்கு ஆட்டோமேட்டிக்கும் வேண்டாம், மேனுவலும் வேண்டாம். சித்தண்ணா நீட்டிய மாதிரி ஃபோம் ஜாக்கெட் போடுங்கள். அழுக்காக இருந்தாலும் அது எப்போதும் மிதக்கும். நீந்தத் தெரிந்து, தலையில் அடிபட்டு மயங்கினாலும் காப்பாற்ற வேண்டும் என்றால் ஆட்டோமேட்டிக். தண்ணீர் அடிக்கடி மேலே தெறிக்கும் படகு என்றால் அது வீணாக உப்பும், அங்கே மேனுவல் சரி. ஆனால் பயத்தில் கயிறு கைக்கு அகப்படாது என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் படகில் ஏறும் முன் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள், அடுத்தவருடையதையும் சேர்த்து. சிலிண்டரும் மாத்திரையும் சேர்ந்த மாற்று செட் 1,900 ரூபாய் ஆகிறது. ஆட்டோமேட்டிக்குக்கு ஈரத் துணி, மழை, குளியலறை ஆணியில் மாட்டுவது எதுவும் ஆகாது. விமானத்தில் கொண்டுபோவதென்றால் சிலிண்டருக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். முக்கியமாக, அது எப்படி வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் பிரித்துக் காட்டுங்கள். நான் போன வாரம்தான் காட்டினேன். கலா புது சிலிண்டரைத் தன் கையாலேயே மாட்டினாள்.

இதைப் பதிவிடும் முன் அவளிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள்.

"என்ன?"

"தண்ணிக்குள்ள போனேன் பாருங்க, அப்போ செத்துருவேன்னு எனக்கு மொதல்ல தோணல. அய்யோ, இப்ப அவருக்குத் தெரிஞ்சுடும், கத்தப் போறாருன்னுதான் தோணுச்சு."

"இதையும் எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க" என்றாள்.